சாத்தானிடம் ஆன்மாவை விற்காத ஃபவுஸ்ட்

அறிவுக்கும் இன்பத்துக்கும் ஆசைப்பட்டுச் சாத்தானிடம் தன் ஆன்மாவை விற்ற மந்திரவாதி என்றுதான் டாக்டர் ஃபவுஸ்டை உலகம் அறிந்திருக்கிறது. கையைக் கீறி ரத்தத்தில் முறி எழுதிக் கொடுத்தார், 24 ஆண்டுகள் கேட்டதெல்லாம் கிடைத்தது, கெடு முடிந்த இரவில் பிசாசு வந்து அவரைப் பிய்த்துப் போட்டது. இந்தப் பெயரில் ஒருவர் தெற்கு ஜெர்மனியில் உண்மையாகவே வாழ்ந்தார் என்பதில் சந்தேகம் இல்லை. 1540 வாக்கில் இறக்கும்வரை ஊர் ஊராகத் திரிந்தவர். அவர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்ட கடிதங்களும், கணக்கேட்டு வரிகளும், நகரமன்றக் குறிப்புகளும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் படிக்கும் எவருக்கும் முதலில் உறைப்பது ஒன்றுதான். அந்த ஒப்பந்தம் எதிலும் இல்லை. கதையின் உயிர்நாடியான பகுதி அவர் செத்த பிறகு, அடுத்த தலைமுறையால், அந்தத் தலைமுறையின் தேவைக்காக எழுதிச் சேர்க்கப்பட்டது.

ஆவணங்களிலிருந்து தொடங்கலாம். முதலாவது, 1507 ஆகஸ்ட் 20 தேதியிட்ட ஒரு லத்தீன் கடிதம். எழுதியவர் வுர்ட்ஸ்பர்க் நகரில் ஒரு மடத்தின் தலைவராக இருந்த யோஹன்னஸ் திரித்தேமியுஸ். அக்காலத்தின் பெரிய படிப்பாளிகளில் ஒருவர். ஹைடல்பெர்க் அரசவையின் சோதிடரும் கணிதருமான யோஹன்னஸ் ஃபிர்டுங் அவரிடம் ஓர் ஆளைப் பற்றி விசாரித்திருந்தார், இது அதற்குப் பதில். அந்த ஆள் தன்னை கேயோர்க் சபெல்லிகுஸ், இளைய ஃபவுஸ்டுஸ், செத்தவர்களை எழுப்பிக் குறி கேட்பவர்களின் ஊற்றுக்கண், சோதிடன், இரண்டாம் மாகஸ், கைரேகை பார்ப்பவன், நெருப்பையும் நீரையும் பார்த்துக் குறி சொல்பவன் என்றெல்லாம் பட்டம் போட்டு எழுதி அனுப்பியிருந்தாராம். திரித்தேமியுஸ் முந்தைய ஆண்டு கெல்ன்ஹவுசன் ஊரில் தங்கியபோது அதே ஊரில்தான் இவரும் இருந்திருக்கிறார். மடத்தலைவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் இவர் கிளம்பிப் போய்விட்டார். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் எழுதியதெல்லாம் உலகத்தில் அழிந்துபோனாலும் என் நினைவிலிருந்து அதைவிடச் சிறப்பாக எழுதித் தருவேன் என்று அங்கே பேசியிருக்கிறார். வுர்ட்ஸ்பர்கில் இன்னும் ஒருபடி மேலே போய், இயேசு செய்த அற்புதங்களை நானும் செய்வேன் என்றாராம். பிறகு கிரொய்ட்ஸ்நாஹ் ஊரில் ஃபிரான்ட்ஸ் ஃபோன் சிக்கிங்கன் என்ற பிரபுவின் தயவில் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே சிறுவர்களிடம் தவறாக நடந்ததாகவும், விஷயம் வெளியே வந்ததும் ஓடிவிட்டதாகவும் கடிதம் சொல்கிறது.

கடிதம் முழுக்க வெறுப்பு கொதிக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். திரித்தேமியுஸ் மீதே சூனியக்காரர் என்ற பழி இருந்தது. 1499இல் தன் ரகசிய எழுத்து முறையைப் பற்றி நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம், நண்பர் அதற்குள் இறந்துவிட்டதால் வேறு கைகளுக்குப் போய் ஊரெல்லாம் பரவியது. ஆவிகளைத் தூது அனுப்புவதுபோல் அதில் எழுதியிருந்ததால், இவர் பிசாசோடு உறவு வைத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. உண்மையில் அவர் எழுதியது சங்கேத எழுத்து நூல். அதன் மூன்றாம் பகுதியும் சங்கேதம்தான் என்பது 1990களில்தான் அவிழ்க்கப்பட்டது. அதற்குள் 1609இல் அந்த நூல் ரோமத் திருச்சபையின் தடைப் பட்டியலில் ஏறியிருந்தது. ஆக, நான் செய்வது படிப்பாளியின் வித்தை, அவன் செய்வது பித்தலாட்டம் என்று கோடு போட்டுக் காட்ட வேண்டிய நெருக்கடி மடத்தலைவருக்கு இருந்தது. ஃபவுஸ்ட் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் சித்திரமே இப்படித் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்த்த ஒருவர் வரைந்தது. கிரொய்ட்ஸ்நாஹ் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதியவரின் கையும் சுத்தமாக இருக்கவில்லை என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் வருவது 1513. கோத்தாவைச் சேர்ந்த அறிஞர் முத்தியானுஸ் ரூஃபுஸ், எர்ஃபுர்ட் நகரின் சத்திரம் ஒன்றில் கேயோர்க் ஃபவுஸ்டுஸ் என்ற கைரேகைக்காரர் பிதற்றுவதைக் கேட்டதாக நண்பருக்கு எழுதினார். வெறும் வாய்ச்சவடால் என்பது அவர் கணிப்பு. பாமரர்கள் வியக்கிறார்கள், இறையியலாளர்கள்தான் இவனை எதிர்க்க வேண்டும், நான் வாயைத் திறக்கவில்லை என்கிறார்.

இந்த இரண்டு கடிதங்களோடு நின்றிருந்தால் ஃபவுஸ்ட் ஒரு சத்திரத்துப் புளுகர் என்று முடித்துவிடலாம். ஆனால் 1520 பிப்ரவரி 12 அன்று பாம்பெர்க் ஆயரின் கணக்கேட்டில் ஒரு வரி இருக்கிறது. ஆயர் மூன்றாம் கேயோர்குக்கு ஜாதகம் கணித்துக் கொடுத்ததற்காக மெய்யியலாளர் டாக்டர் ஃபவுஸ்டுஸுக்கு 10 குல்டன் கொடுக்கப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர், ஆட்சியாளரும்கூட, தன் அரண்மனைக் கணக்கில் ஒளிவுமறைவில்லாமல் கொடுத்த கூலி இது. பிசாசின் கூட்டாளி என்று பெயரெடுத்தவனுக்கு இப்படிக் கணக்கெழுதிப் பணம் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்குச் சோதிடம் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்பட்ட துறை, அரசவைகள்தோறும் சோதிடர் இருந்தார். ஃபவுஸ்ட் அந்தத் தொழிலில் பதவி கிடைக்காமல் தெருவில் நின்ற ஆள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நகரமன்றங்கள் அவரை அப்படியே நடத்தின. 1528 ஜூனில் இங்கோல்ஸ்டாட் மன்றம், ஹைடல்பெர்கைச் சேர்ந்த டாக்டர் யோர்க் ஃபவுஸ்டுஸ் தன் காசை வேறெங்காவது போய்ச் செலவழிக்கட்டும் என்று வெளியேற்றியது. மன்றத்தின் மேல் பழி வாங்க மாட்டேன், கேலி பேச மாட்டேன் என்று உறுதிமொழியும் வாங்கிக்கொண்டது. 1532 மே மாதம் நியூரம்பெர்க் மன்றம் அவருக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்தது. அந்தக் குறிப்பு அவரைச் சூனியக்காரன் என்றும், ஆண்களோடு உறவு கொள்பவன் என்றும் சொல்கிறது. அந்த இரண்டுமே அன்று உயிருக்கு உலை வைக்கக்கூடிய குற்றச்சாட்டுகள். ஆனாலும் பிடித்து விசாரிக்கவில்லை, ஊருக்குள் வராதே என்றதோடு விட்டுவிட்டார்கள்.

எல்லாருமே அவரை ஏளனம் செய்யவில்லை. வெல்சர் வணிகக் குடும்பத்தின் படையோடு வெனிசுவேலாவுக்குப் போன ஃபிலிப் ஃபோன் ஹுட்டன், 1540 ஜனவரியில் அங்கிருந்து தன் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், மெய்யியலாளர் ஃபவுஸ்டுஸ் சொன்னது ஏறக்குறைய அப்படியே நடந்துவிட்டது, மிக மோசமான ஆண்டாகப் போய்விட்டது என்று வருந்தினார். கிளம்புமுன் அவரிடம் குறி கேட்டிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. இதற்கு நேர் எதிராக, வோர்ம்ஸ் நகர மருத்துவர் ஃபிலிப் பெகார்டி 1539இல் அச்சிட்ட நூலில், ஃபவுஸ்டிடம் ஏமாந்தோம் என்று தன்னிடம் புலம்பியவர்கள் ஏராளம் என்று எழுதினார். வாக்குறுதி மலையளவு, காரியம் ஒன்றுமில்லை, பணத்தோடு ஆள் போய்விடுவார்.

இந்த மனிதர் எங்கே பிறந்தார் என்பதில் இரண்டு வழக்குகள் உண்டு. மாவுல்பிரோன் மடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் க்னிட்லிங்கன் என்பது மரபாகச் சொல்லப்படுவது. அங்கே இன்று ஃபவுஸ்ட் அருங்காட்சியகமும் இருக்கிறது. மற்றொன்று, ஹைடல்பெர்குக்கு அருகில் உள்ள ஹெல்ம்ஸ்டாட். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பதிவேட்டில் 1483இல் சேர்ந்து 1487இல் முதுகலைப் பட்டம் பெற்ற கேயோர்க் ஹெல்ம்ஸ்டெட்டர் என்ற மாணவர் இருக்கிறார். ரெப்டோர்ஃப் மடத்து கிலியன் லைப் 1528இல் எழுதிய குறிப்பிலும் ஃபவுஸ்டின் ஊர் ஹெல்ம்ஸ்டாட் என்ற பொருளில்தான் வருகிறது. எனக்கு இந்த இரண்டாவது வழக்கே பலமாகப் படுகிறது. கூடவே, அச்சுத் தொழிலில் குட்டன்பெர்குக்குக் கடன் கொடுத்த யோஹன் ஃபுஸ்ட் தான் இந்த ஃபவுஸ்ட் என்று ஒரு கருத்து பல காலம் உலவியது. அந்த ஃபுஸ்ட் 1466இலேயே இறந்துவிட்டார் என்பதால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கவனித்திருப்பீர்கள், இதுவரை பெயர் சொன்ன ஆவணங்கள் எல்லாம் கேயோர்க் என்றோ யோர்க் என்றோதான் அழைக்கின்றன. கதையில் வருபவரோ யோஹன். 1509இல் ஹைடல்பெர்கில் இளங்கலை முடித்த யோஹன் ஃபவுஸ்ட் என்று ஒரு மாணவர் இருந்தார்தான், ஆனால் 1507இலேயே ஊர் அறிந்த மந்திரவாதியாக இருந்தவர் இவராக இருப்பது கடினம். பெயரை மாற்றியது விட்டன்பெர்க், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் இருந்த ஊர். கதை திசைமாறும் இடமும் அதுதான்.

லூதரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சுகளைச் சீடர்கள் எழுதி வைத்தார்கள். 1530களில் அங்கே ஃபவுஸ்டின் பெயர் அடிபட்டிருக்கிறது. பிசாசைத் தன் மைத்துனன் என்று அழைப்பவன் என்று சொல்லியிருக்கிறார்கள். லூதருக்குப் பிசாசு வெறும் உருவகம் இல்லை, நாள்தோறும் எதிர்கொள்ளும் பகைவன். சத்திரத்தில் கைரேகை பார்க்கும் ஆள், அந்த மேசைக்கு வந்து சேர்ந்ததும் பிசாசின் ஆளாகிவிட்டார். லூதரின் நெருங்கிய துணைவர் ஃபிலிப் மெலாங்க்தன் பிறந்தது பிரெட்டனில், க்னிட்லிங்கனிலிருந்து சில கிலோமீட்டர்தான். என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன் அவன் என்று மாணவர்களுக்குக் கதை சொல்வார். அவற்றை அவருடைய மாணவர் யோஹன்னஸ் மான்லியுஸ் 1560களின் தொடக்கத்தில் அச்சேற்றினார். யோஹன் என்ற பெயர், கிராகோவில் மந்திரம் படித்தது, வெனிஸில் பறக்க முயன்று விழுந்தது, கூடவே திரிந்த நாய் உண்மையில் பிசாசு என்பது எல்லாம் இந்த வழியாக வருகின்றன. பாசலைச் சேர்ந்த போதகர் யோஹன்னஸ் காஸ்ட் இதற்கு முன்பே, 1548இல், ஃபவுஸ்டோடு ஒருமுறை விருந்துண்டதாகவும், அவருடைய நாயும் குதிரையும் பிசாசுகள் என்று தான் நம்புவதாகவும் எழுதியிருந்தார். பிசாசு கழுத்தை நெரித்துக் கொன்றது, பிணத்தை எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் முகம் தரையைப் பார்த்தே திரும்பியது என்றும் சேர்த்தார்.

மனிதர் செத்துச் சில ஆண்டுகளில் அவர் மரணம் ஒரு பிரசங்கத்துக்கு எடுத்துக்காட்டாகிவிட்டது. பழைய கதைகளும் வந்து ஒட்டிக்கொண்டன. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் வரும் சீமோன் மாகஸ் என்ற மந்திரவாதி, பிற்காலக் கதையில் ரோமாபுரியில் எல்லார் முன்பும் பறந்து, பேதுருவின் ஜெபத்தால் கீழே விழுகிறான். மெலாங்க்தன் சீமோன் பறந்த கதையைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் ஃபவுஸ்டும் வெனிஸில் இதை முயன்றான் என்கிறார். சீமோனோடு ஹெலேனா என்ற பெண் இருந்தாள். ஃபவுஸ்டோடும் பின்னர் டிராய் நகரத்து ஹெலன் வந்து சேர்வாள். முதல் கடிதத்திலேயே அவர் தன்னை இரண்டாம் மாகஸ் என்று அழைத்துக்கொண்டதை நினைத்துப் பார்த்தால், சீமோனின் வாரிசு என்ற வேடத்தை அவரே போட்டுக்கொண்டார் என்று கொள்ள இடம் இருக்கிறது. ஒப்பந்தத்துக்கும் பழைய மூலம் உண்டு. அதானா நகரத்துத் தேயோஃபிலுஸ் பதவிக்காகப் பிசாசுக்கு எழுதிக் கொடுத்து, கடைசியில் மரியாவின் அருளால் அந்தச் சீட்டைத் திரும்பப் பெறுகிறான். 10ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹ்ரோட்ஸ்வித்தா இதை லத்தீன் கவிதையாகப் பாடினார். லூத்தரன் மறையில் மரியாவிடம் மன்றாட வழியில்லை. ஆகவே ஃபவுஸ்டின் சீட்டு திரும்பி வரவே இல்லை.

ஆனால் பழைய கதைகள் எப்போதும் இருந்தவை. அவை ஏன் 16ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இவர் மேல் இறங்கின? இங்கேதான் சட்டம் வருகிறது, இதற்குப் போதிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஃபவுஸ்ட் வாழ்ந்த காலத்தில், 1532இல், பேரரசர் ஐந்தாம் கார்லின் குற்றவியல் சட்டம் வெளியானது. சூனியத்தால் பிறருக்குக் கேடு செய்தவனுக்குத்தான் அது எரிப்புத் தண்டனை விதித்தது. கேடு நடக்காவிட்டால் நிலைமைக்கேற்பத் தண்டனை. 1572இல் சாக்சனி அரசு கொண்டுவந்த சட்டம் வேறு. யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாவிட்டாலும், பிசாசோடு ஒப்பந்தம் செய்ததற்காகவே எரிக்கலாம். அன்று விட்டன்பெர்க் சாக்சனியில்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகளில் குற்றத்தின் மையம் செயலிலிருந்து ஒப்பந்தத்துக்கு நகர்ந்துவிட்டது. சூனிய வேட்டையின் தீ பரவிக்கொண்டிருந்த காலம். குடிக்கு ஒரு பிசாசு, ஆடம்பர உடைக்கு ஒரு பிசாசு என்று எழுதிக் குவித்த பிசாசு நூல்களை 1569இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் பெருந்தொகுப்பாகவே அச்சிட்டார்கள். அந்த வாசகர்களுக்கு ஒப்பந்தம் இல்லாத மந்திரவாதி ஒரு பொருட்டே இல்லை.

அதே ஃபிராங்க்ஃபுர்ட்டில் 1587இல் யோஹன் ஸ்பீஸ் என்ற அச்சகர், ஆசிரியர் பெயர் இல்லாமல் டாக்டர் யோஹன் ஃபவுஸ்டின் வரலாற்றை வெளியிட்டார். ஸ்பீஸ் லூத்தரன் நூல்களை அச்சிட்டவர், நூலும் அந்தச் சமயத்தின் குரலில்தான் பேசுகிறது. கதாநாயகன் வைமருக்கு அருகில் ரோடாவில் பிறந்து, விட்டன்பெர்கில் இறையியல் படிக்கிறான். மறைநூலை மூடி வைத்துவிட்டு வானத்தின் ஆழத்தையும் பூமியின் ஆழத்தையும் அளக்க ஆசைப்படுகிறான். பிசாசு ஃபிரான்சிஸ்கன் துறவி வேடத்தில் வருகிறது. ஃபவுஸ்ட் கல்யாணம் செய்ய விரும்பினால் பிசாசு விடுவதில்லை, ஏனென்றால் திருமணம் கடவுளின் ஏற்பாடு. ரோமில் போப்பின் விருந்து மேசையில் புகுந்து உணவைத் தட்டிப் பறிக்கிறான். ஒவ்வொரு திருப்பத்திலும் கத்தோலிக்கத்தின் மேல் ஒரு குத்து. 24 ஆண்டுகள் என்ற கெடுவும், பிசாசுக்கு மெஃபோஸ்டோஃபிலிஸ் என்ற பெயரும் மக்களிடம் பரவியது இந்த நூலால்தான். முடிவில் மாணவர்கள் காலையில் வந்து பார்த்தால் மூளை சுவரில் ஒட்டியிருக்கிறது, கண்ணும் பற்களும் தரையில் கிடக்கின்றன, உடல் வெளியே எருக்குவியலில்.

எல்லாக் கோமாளித்தனத்தையும் தெனாலிராமன் பெயரில் சொல்லிவிடுவதுபோல, யார் யாரோ செய்ததாகச் சொல்லப்பட்ட வித்தைகள் எல்லாம் இந்த நூலில் ஃபவுஸ்ட் கணக்கில் வந்து விழுந்தன. பயண வர்ணனைகள் 1493இல் வந்த நியூரம்பெர்க் உலக வரலாற்று நூலிலிருந்து எடுத்தவை. இவற்றில் ஓர் இரவல் என்னை மிகவும் பாதித்தது. பேரரசர் மாக்சிமிலியனுக்கு இறந்துபோன மனைவி மரியாவை ஒரு மடத்தலைவர் எழுப்பிக் காட்டினார், கழுத்தில் இருந்த மச்சத்தைப் பார்த்துப் பேரரசர் நம்பினார் என்று ஒரு கதை உலவியது. ஸ்பீஸ் நூலில் ஃபவுஸ்ட் ஐந்தாம் கார்லுக்கு மகா அலெக்சாந்தரையும் அவர் மனைவியையும் காட்டுகிறான், பேரரசர் அவள் கழுத்தில் மச்சத்தைத் தேடிப் பார்க்கிறார். முதல் கதையில் வரும் மடத்தலைவர் வேறு யாரும் இல்லை, திரித்தேமியுஸ். ஃபவுஸ்டிடமிருந்து தன்னை விலக்கிக் காட்ட அத்தனை பாடுபட்டவரின் கதையே கடைசியில் ஃபவுஸ்டின் கதையாகிவிட்டது.

இந்தப் புத்தகத்தை எதிர்த்து அப்போதே ஒருவர் எழுதினார். ஹைடல்பெர்க் பேராசிரியர் ஹெர்மான் விட்டெகிண்ட், அவுகுஸ்டின் லெர்க்ஹைமர் என்ற புனைபெயரில் சூனிய வேட்டையைக் கண்டித்து 1585இல் ஒரு நூல் வெளியிட்டவர். மச்சக் கதையும் அதில் இருக்கிறது. ஸ்பீஸின் நூல் அதிலிருந்தும் கதைகளை அள்ளியிருந்தது. 1597 பதிப்பில் அவர் பொங்கிவிட்டார். ஃபவுஸ்ட் பிறந்தது க்னிட்லிங்கனில், ரோடாவில் இல்லை. விட்டன்பெர்கில் அவனுக்கு வீடும் இல்லை வாசலும் இல்லை, சத்திரங்களில் திரிந்து குடித்து வாழ்ந்தவன். கிரொய்ட்ஸ்நாஹில் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். விட்டன்பெர்கின் பேராசிரியர்கள் கண்முன்னே இத்தனையும் நடந்தது என்று எழுதுவது லூதரையும் மெலாங்க்தனையும் அவமதிப்பது ஆகாதா என்று கேட்டார். அவர் சொன்ன விவரங்கள் ஆவணங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. யார் காதிலும் ஏறவில்லை. நூல் அதற்குள் பலமுறை மறுஅச்சாகி, டேனிஷ், டச்சு, ஆங்கில மொழிகளுக்கும் போய்விட்டது.

ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் கிறிஸ்டோஃபர் மார்லோ தன் நாடகத்தை எழுதினார். ஆங்கிலேய நாடகக் குழுக்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. 1608இல் கிராட்ஸில் நடித்ததற்குக் குறிப்பு உண்டு. அந்த மேடை நாடகம் மெல்ல ஜெர்மன் பொம்மலாட்டமாக மாறியது. ஃபிராங்க்ஃபுர்ட்டில் வளர்ந்த கேத்தே அந்தப் பொம்மலாட்டத்தின் வழியாகத்தான் இளமையில் கதையோடு பழகினார். அவர் தன் நாடகத்தில் சேர்த்த, தன் குழந்தையையே கொல்லும் கிரெட்ஷென் என்ற பெண் பழைய நூலில் கிடையாது. பெற்ற குழந்தையைக் கொன்றதற்காக 1772 ஜனவரியில் அதே ஃபிராங்க்ஃபுர்ட்டில் தலை வெட்டப்பட்ட சுசன்னா மார்கரேதா பிராண்ட் என்ற பணிப்பெண்ணின் வழக்கு அதன் பின்னால் இருக்கிறது. ஒப்பந்தத்தை அவர் பந்தயமாக மாற்றினார். 1832இல் வெளியான இரண்டாம் பாகத்தில் ஃபவுஸ்ட் மீட்கப்படுகிறார், விண்ணுலகில் மரியாவும் வருகிறார். ஸ்பீஸின் நூலில் அடைபட்டிருந்த தேயோஃபிலுஸின் வழி மறுபடி திறந்தது.

மரணத்தைப் பற்றி ஓரளவு நம்பகமான சாட்சி 1560களில் எழுதப்பட்ட சிம்மர்ன் குடும்ப வரலாறு. பிரைஸ்காவ் பகுதியின் ஸ்டவுஃபன் என்ற சிற்றூரிலோ பக்கத்திலோ வயதான காலத்தில் ஃபவுஸ்ட் இறந்தார், பலர் சொல்வதுபோல் தீய ஆவியால் கொல்லப்பட்டார், அவர் நூல்கள் ஸ்டவுஃபன் பிரபுவிடம் போயின என்கிறது அது. இன்று அந்த ஊரின் லோவன் விடுதிச் சுவரில் ஓர் எழுத்து இருக்கிறது. 1539இல் இங்கே, 24 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும், மெஃபிஸ்டோஃபிலிஸ் ஃபவுஸ்டின் கழுத்தை முறித்தான் என்று அது சொல்கிறது. சிம்மர்ன் வரலாற்றில் ஒப்பந்தம் கிடையாது. சுவரில் இருக்கும் 24 ஆண்டுகள் ஸ்பீஸ் அச்சிட்ட நூலின் கணக்கு.